கறுப்பில் தெரிந்த நான்கு விரல்கள்

அண்ணாச்சி,

இன்று காலை உங்கள் வீட்டம்மா எஸ்தர் ஒரு பையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். திறந்ததும் காஸ்டிக் சோடாவின் நெடி மூக்கில் ஏறியது. பனியன் கம்பெனி வேஸ்ட் துணியில் சுற்றி உள்ளே இருந்தது உங்கள் தபேலாவின் இடப்பக்கக் குடம். எப்போதும் வெள்ளி போல் மின்னிய அந்த அலுமினியம், விறகடுப்பில் வைத்த சட்டியைப் போலக் கறுத்துக் கிடந்தது.

எஸ்தரைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் காலமானதும் நின்றுபோன தபேலாவைக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் வேறொருவரை வைத்து மறுபடி வாசிக்கலாம் என்று அருள்புரம் சபையில் கேட்டிருக்கிறார்கள். பழைய தோலைக் கழற்றிய தோல்காரர், குடத்தைச் சுத்தம் செய்து தரச் சொல்லியிருக்கிறார். இந்த ஊரில் எதை வெளுக்க வேண்டுமென்றாலும் முதலில் நினைவுக்கு வருவது சோடாதானே? பக்கத்து பிளீச்சிங் பட்டறையில் கேட்டு வாங்கி, கரைத்து, முக்கி எடுத்துவிட்டார். நுரை பொங்கிக்கொண்டு வந்ததாம். அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டாராம். பனியனை வெளுக்கும் சோடா அலுமினியத்தைக் கறுக்கடிக்கும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அதுவல்ல அவரைப் பயமுறுத்தியது. குடத்தைத் திருப்பி, விளிம்புக்குக் கீழே காட்டினார். அவ்வளவு கறுப்புக்கு நடுவில் நான்கு விரல் தடங்கள் மட்டும் கறுக்காமல் பளிச்சென்று இருந்தன. மூன்றாவது தடம் பாதியில் நின்றிருந்தது.

துணி வெட்டும் கட்டிங் மிஷினில் உங்கள் இடது மோதிர விரல் நுனி போன கதையை நீங்கள் சிரித்துக்கொண்டேதான் சொல்வீர்கள். கம்பெனி உங்களைக் கட்டிங் மாஸ்டர் என்று கூப்பிட்டது, மிஷின் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டது என்பீர்கள். அந்தக் குறைவிரலோடுதான் இடப்பக்கக் குடத்தை அப்படி உறுமவைத்தீர்கள். தலைக்கு எண்ணெய் தடவிய கையைத் துடைக்காமல் அதைத் தூக்குவது உங்கள் வழக்கம். கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் தூக்கியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு அதை யாரும் துடைக்கவில்லை. எண்ணெய் காய்ந்து ஒட்டியிருந்த இடத்தில் சோடா பிடிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் நான் அந்த இடத்தைத் தொடவில்லை.

“அவுக இன்னும் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்காக, சார்” என்றார் எஸ்தர். “அது இருக்கிற பக்கம் திரும்பிப் படுக்க முடியல. எப்படியாவது துடைச்சிருங்க.”

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். “துடைச்சா அவுக கையும் போயிருமே” என்றார். சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்ததும் ஒரே வரிசையில் குடியிருக்கும் நம் லைன் வீட்டு வாசலில் குடமும் பாலிஷ் டப்பாவுமாக உட்கார்ந்துவிடுவீர்கள். கறுத்த பாத்திரமெல்லாம் ஒன்றென்று நினைத்து, எங்கள் முருகன் படத்துப் பித்தளை விளக்கைத் தேய்க்கக் கரைத்த புளியை நான் ஒருமுறை எடுத்து வந்தேன். “இதென்ன, எங்க ஆண்டவருக்கு ரசம் வைக்கவா கொண்டு வந்தீரு?” என்று கேட்டு, அந்த வாரம் முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் ரசம் ஆயிற்றா என்றீர்கள். பிறகு எனக்கும் ஒரு துண்டு வேஸ்ட் துணி கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள். தேய்க்கத் தேய்க்கத் துணி கறுத்துக்கொண்டே வந்தது. நான் விடாமல் தேய்த்தேன்.

“துணியப் பாக்காதேயும் வாத்தியாரே, குடத்தப் பாரும். பளபளன்னு ஆனப்பெறவும் கறுப்பு வரும். அது அழுக்கில்ல, அலுமினியமே தேஞ்சு வருது.”

இதை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். விடை சரியாக வந்த பிறகும் நம்பிக்கை வராமல் அழித்து அழித்து எழுதித் தாளைக் கிழித்துவிடும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு நீங்கள்தான் உதாரணம். உங்கள் பேரைச் சொன்னதில்லை. “என் சிநேகிதர் ஒருத்தருங்க” என்றுதான் ஆரம்பிப்பேன்.

இன்று எலுமிச்சைச் சாறும் பாலிஷும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடியிலிருந்து தொடங்கினேன். உங்கள் விரல்களுக்குப் பக்கத்தில் வந்தபோதெல்லாம் துணியை ஒதுக்கிக்கொண்டேன். பகல் சாப்பாட்டுக்கும் எழவில்லை. அறையில் என்னைத் தவிர ஒருவர் இருப்பது போலவே இருந்தது. ஒருமுறை, “ஏனுங்க அண்ணாச்சி, இத்தோட விட்டரலாமுங்களா?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். குடத்துக்குள்ளிருந்து என் குரல்தான் திரும்பி வந்தது. ஆனால் என் குரலைவிட அது தடித்திருந்தது.

கடைசியில் விரல்களைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு மட்டும் மீதியிருந்தது. துணியை நகத்தில் சுற்றிக்கொண்டு அதையும் எடுத்தேன். தடங்களின்மேல் துணி படவே இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், அவற்றைக் காணவில்லை.

கரும்பலகையில் தெரியும் சாக்பீஸ் கோடு, சுண்ணாம்படித்த சுவரில் தெரியாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். சுற்றிலும் வெளுத்ததும் நீங்கள் மறைந்துபோவீர்கள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? சன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துத் தேடினேன். குடம் முழுவதும் ஒரே மினுக்கம்.

சாயங்காலம் எஸ்தர் வந்தார். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்க சார்?”

“அங்கயேதானுங்க இருக்குது அம்மணி. அந்த எடத்துல துணிய வெக்கவே இல்லீங்க.”

“எந்த எடம்?”

நான் விளிம்பு முழுவதையும் சுற்றிக் கை காட்டினேன். அவர் கோபப்படவில்லை. குடத்தை மடியில் வைத்து, விளிம்பைச் சுற்றி உள்ளங்கையால் மெல்ல ஒரு சுற்றுத் தடவினார். போகும்போது துணியில் சுற்றவில்லை, பையிலும் போடவில்லை. இடுப்பில் அணைத்துக்கொண்டு போனார்.

ஆராதனைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார். போவேன். புதிதாக வாசிக்க வருகிறவர் அதைத் தூக்கும்போது அவர் விரல் எங்கே படுகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன். உங்கள் கை எந்த இடத்தில் இருக்கிறது என்று இனி யாருக்கும் தெரியாது, அண்ணாச்சி. எங்கே தொட்டாலும் அது உங்கள் கையாக இருக்கலாம்.