மான் ஏறிய லாரி

அன்புள்ள லாரிக்காரத் தம்பிக்கு,

நான் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகமா? சொல்வது நான், எழுதுவது பக்கத்து வீட்டு டீச்சர். 'தாங்கள்' என்று போடட்டுமா என்று கேட்டார். "வேணாம்மா, யாரோ எழுதியிருக்காங்கன்னு நினைச்சுக்குவான்" என்றேன்.

வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறிப் போய், புதுக்கொடி ஏறிய மறுவருஷம் அது. காசில் ராஜா தலை போய் மரத்தின் படம் வந்ததும், ஆற்றுப்பாலம் வெள்ளத்தில் போனதும் அதே வருஷம்தான். துரைமார் வேட்டையாடிய காட்டை நம் மந்திரி சரணாலயம் ஆக்கினார். அவர்கள் சுட்டதை நாம் காப்பாற்றுகிறோம் என்று உலகத்துக்குக் காட்ட வேண்டுமாம். நல்ல காரியம்தான். ஆனால் அதற்குள் எங்கள் ஊர் இருந்ததே. நீ ஓட்டிய அரசாங்க லாரியில்தான் எங்களை ஏற்றினார்கள். "மானுக்கெல்லாம் சுதந்திரம் வந்துருச்சு, நமக்கு லாரிதான் வந்திருக்கு" என்றாள் என் சம்சாரம். எல்லாரும் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை. எங்கள் மூத்த மகளைப் புதைத்த ஈரம் காயாத நேரம். என் சம்சாரத்தை முன்சீட்டில் உட்காரவைத்து, பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினாய்.

எங்களை ரோட்டோரப் பொட்டலில் இறக்கிவிட்டு, அதே லாரியில் வேறொரு காட்டிலிருந்து மான்களை ஏற்றி எங்கள் காட்டுக்குக் கொண்டுபோனாய். திறப்பு விழாவுக்கு வரும் வெளிநாட்டு விருந்தாளிகள் கண்ணில் ஏதாவது பட வேண்டுமே! பிறகு ஒருநாள் நீயே வந்து சொன்னாய்: "அண்ணே, உங்க அடுப்புச் சாம்பல் லாரியில கிடந்துச்சு. அதுமேலதான் மானுங்க நின்னுச்சு."

போன மழைக்காலத்தில் என் சம்சாரமும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளையைப் புதைத்த இடத்தை ஒரு தடவை பார்க்கணும் என்று கடைசிவரை கேட்டாள். வேலிக்காவலர்கள் விடவில்லை. சண்டை போட அவள் இல்லாததால், இப்போது ரேடியோவில் செய்தி வாசிப்பவரோடு சண்டை போடுகிறேன். அவர் நிறுத்தாமல் பேசுகிறாரே தவிர, எனக்குப் பதில் சொல்வதில்லை.

புதிதாக ஒரு சட்டம் வந்திருக்கிறது. உள்ளே குடியிருந்தவர்கள் வருஷம் ஒருமுறை போய்த் தங்கள் சமாதிகளைப் பார்த்து வரலாம். ஆனால் அங்கே ஊரே இருந்ததில்லை என்று சாதிக்கிறது வன இலாகா. அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். "பெரியவரே, எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அது காடுதான்." அவர் வயசுக்கு அது நிஜம். குடியிருந்தவன் வாய் மட்டும் போதாதாம். அன்றைக்கு அரசாங்க வேலையில் இருந்து கண்ணால் பார்த்த ஒருவர் வந்து சொல்ல வேண்டுமாம். அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை விசாரணை.

உனக்குப் பென்ஷன் பயம் இருக்கும். பெற்ற பிள்ளைகள் போக வேண்டாம் என்பார்கள். வராவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, தம்பி. அன்றைக்கு அவளை அலுங்காமல் கொண்டுவந்து சேர்த்தாயே, அந்தப் புண்ணியத்துக்கு நீயும் உன் குடும்பமும் நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

"பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று அதிகாரி கேட்டார். மந்திரி உயிரோடு இல்லை, ரேஞ்சர் இல்லை, வேலி போட்ட மேஸ்திரியும் இல்லை என்றேன். பேனாவை மூடப் போனார்.

லாரிக்காரத் தம்பி இருக்கான் என்று சொல்லிவிட்டேன்.