செவ்வாயில் சரிந்த மலை

7-9-1983, புதன்

எட்டாம் வகுப்புக்குக் காட்டப் பத்திரிகையிலிருந்து வெட்டிவைத்த செவ்வாய்க் கிரகப் படத்தை, சாப்பிடும்போது இவரிடம் நீட்டினேன்.

"பாருங்க, நம்ம தாலுகா அளவுக்கு மலை சரிஞ்சு கெடக்குது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவர் கல் குவாரி மேஸ்திரி. பாறை சரிந்தால் ஒவ்வொரு ஆளாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இவர் வேலை. போன மாதம் மாதப்பன் மட்டும் பதில் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்குவதில்லை.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடியில எத்தன பேரு?"

"அங்க ஆளே கெடையாதுங்க."

"ஒருத்தருங்கூடவா?"

"ஒருத்தருமில்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொன்னேன். அப்புறம் இன்னொரு உருண்டை களி கேட்டார்.

படம் இவர் தலையணைக்கடியில் இருக்கிறது. வகுப்புக்கு வேறு தேட வேண்டும்.