நவோக்கோவின் ‘கி’

ஓகஸ்ட் 3, ஞாயிறு

விடியலிலிருந்து தூறல். இங்கே ஓகஸ்ட் குளிர்காலம்; கை விறைக்கிறது. போன புதன் தம்பி வசியை எரித்தோம்.

பின்னேரம் நோபல் பார்க், வசி வீடு. இனி நவோக்கோ வீடு என்று எழுதவேண்டும். மனம் வரவில்லை.

ஆட்கள் வந்தபடி. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று அடுத்த தெருச் சரோ அன்ரி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார். நவோக்கோ மட்டும் கேத்திலை விடுவதாயில்லை. வருகிற எல்லோருக்கும் தேத்தண்ணி. புருஷனைப் பறிகொடுத்தவள், நின்ற நிலையில்.

"பிள்ளை, நீ இரம்மா."

"பரவாயில்லை அன்ரி."

இதற்கு ஜப்பானில் ஒரு பேச்சு உண்டாம்: கியைச் செலவழிப்பது. மற்றவர் மனம் கோணாமல் பார்த்துப் பார்த்து நடப்பது. வசி சொன்னவன். கி என்றால் என்னடா என்று அப்போது கேட்டேன். "மனசு, மூச்சு, கவனம், நினைப்பு எல்லாத்தையும் ஒரே சட்டிக்குள்ள போட்டு வச்சிருக்கினம் அண்ணா. வேண்டியதை வேண்டியநேரம் அள்ளவேண்டியதுதான்." பெரிய பண்டிதர்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

வேலை முடிய அங்கே. குசினி பல்ப் மாற்றினேன். மின்சாரத்துக்கு டென்கி. வானிலைக்குத் தென்கி. என் காதுக்கு இரண்டும் ஒன்று. சுகமாயிருந்தால் கெங்கி. காய்ச்சல், வருத்தம் வந்தால் ப்யோகி. தொட்ட இடமெல்லாம் கி.

வசிக்கு ஒருநாளும் வருத்தம் இல்லை. கெங்கியான ஆள். மரக்கறி பொதிசெய்கிற தொழிற்சாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழும்பவில்லை. அங்கேதான் நவோக்கோவையும் சந்தித்தான்.

நாளைக்கு: பால், ரயில் கார்ட் வாங்க, சரோ அன்ரியின் சட்டி திருப்பிக் கொடுக்க.

ஓகஸ்ட் 9, சனி

மழை விட்டது. காற்று.

நவோக்கோ ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். என்னம்மா என்றேன். "கி நி நாரு" என்றாள். ஏதோ ஒன்று கியில் போய் இருந்துகொண்டு போகமாட்டேன் என்கிறதாம். பல்லில் நார் சிக்கிய மாதிரி. என்ன அது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று தலையாட்டுகிறாள்.

நான் எழும்பினால் வாசல்வரை வருகிறாள். நான் தெருமுனை திரும்பும்வரை நிற்கிறாள். எதற்கோ காத்திருக்கிற முகம். நான் வழக்கம்போலப் பேசாமல் வந்தேன்.

ஓகஸ்ட் 14, வியாழன்

சரோ அன்ரி போன். "தம்பி, அந்தப் பிள்ளை ஜப்பானுக்கு டிக்கெட் போட்டிட்டுதாம். உமக்குத் தெரியுமே?"

தெரியாது. வேலையை அரைவாசியில் விட்டு ஓடினேன். கோபம்தான். என்னிடம் சொல்லவில்லையே.

"அண்ணா, ஒருவரும் போட்டு வாறன் சொல்லேல்ல."

விளங்கவில்லை.

"வசி சொன்னவர், தமிழ் ஆக்கள் போறன் சொல்லமாட்டினம். போட்டு வாறன்தான். இங்க எல்லாரும் வந்தவை. தேத்தண்ணி குடிச்சவை. பிறகு சும்மா எழும்பிப் போனவை. அண்ணாவும். எல்லாருக்கும் என்னில கோபம். வசியை நான் ஒழுங்காப் பாக்கேல்ல எண்டு."

கடவுளே. இத்தனை நாளும் இதுதான் கியில் இருந்ததா.

சொன்னேன். செத்தவீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று விடைபெறக்கூடாது. போட்டு வாறன் என்றால் இன்னொரு சாவுக்கு வாறன் என்று ஆகிவிடும். அதனால்தான் சொல்லாமல் எழும்பிப் போகிறது. அது மரியாதை. உன்னில் ஒருவருக்கும் கோபமில்லை. முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்தால் எல்லோரும் சொல்வார்கள்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுகை. முதல்முறையாகச் சத்தமாக. நானும்.

அப்ப டிக்கெட்டை ரத்துச்செய் என்றேன். குசினியைக் காட்டினாள். "எல்லா இடமும் வசி. என்ர கி இங்க ஆறாது அண்ணா."

அவளுடைய நாட்டுக்கு நான் போய்ப் பார்க்கவும் வழியில்லை. தற்காலிக விசா. வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். ஒரே படகில் வந்த இருவரில் ஒருவன் போய்விட்டான். அவன் விட்டுப்போனது இவள் ஒருத்திதான்.

ஓகஸ்ட் 23, சனி

முப்பத்தொன்று. வெயில். நல்ல தென்கி என்றேன், சிரித்தாள். கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், வசிக்குப் பிடித்த பாயாசம். அவளும் ஒரு சோற்றுருண்டை செய்து படைத்தாள்.

ஆட்கள் கிளம்புகிற நேரம் என்னைப் பார்த்தாள். "இப்ப சொல்லலாமோ?" ஓம் என்றேன். அன்ரிக்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

"போட்டு வாறன் பிள்ளை."

"போட்டு வாறம்."

ஒவ்வொருவருக்கும் குனிந்து, "ஓம், வாங்கோ, வாங்கோ." கடைசியாக நான். தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. டிக்கெட் பற்றி நான் பேச்சு எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் இல்லாமல் போய்விடும் என்ற நப்பாசை.

ஓகஸ்ட் 28, வியாழன்

வீட்டுச் சாவியை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டாளாம். சோற்றுக் குக்கர் எனக்கு. வசியின் ஜாக்கெட் அவளுக்கு.

ஒரு பயணக்காரருக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "கி ஓ ட்சுக்கெதே." உன் கியை உன்னோடு ஒட்டி வைத்துக்கொள். கவனம், அவ்வளவுதான். ட்சு வாயில் வருகுதில்லை. வேலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியபடி சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவன் தும்மலா என்றான்.

ஓகஸ்ட் 30, சனி

காலையில் விமான நிலையம். மழை. பார்க்கிங் தேடி அலைச்சல். அவள் வசியின் ஜாக்கெட்டில். கை நீளம், விரல் நுனி மட்டும் தெரிந்தது.

உள்ளே போகும் வாசலில் சொன்னேன், "கி ஓ ட்சுக்கெதே." சரியாக வந்தது. நீளக் குனிந்தாள். நானும் குனிந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாமல்.

பிறகு அவளுடைய முறை. இப்போது போட்டு வாறன் சொல்லத் தடை ஒன்றுமில்லை. அது அவளுக்குத் தெரியும், சொல்லிக்கொடுத்தவன் நான். காத்து நின்றேன்.

"அண்ணா, போட்டு..."

மற்றதை அவள் சொல்லவில்லை.