நேராக நின்றால் நூற்று நாற்பத்து மூன்று

திருவண்ணாமலை,
ஜூன் 22, ஞாயிறு.

அன்புத் தம்பி சக்திவேலுக்கு அண்ணன் முருகையன் எழுதுவது. அந்த ஊர் வெயிலில் நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம்தான், என்னைத் தவிர.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மகள் மணிமொழி அந்தப் பெரிய ராட்டினத்தில் ஏறப் பயப்படவில்லை. அவள் ஏறாமல் போனதற்கு நான்தான் காரணம். ஒரு மாதமாக நீ அவளைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிடுகிறாய். அவளும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறாள். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு அந்தப் பெயரால் என்னைக் கூப்பிடு.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். அதற்கும் காரணம் இருக்கிறது, கடைசியில் வரும். வேடியப்பன் மகன் புகழேந்தி புதன்கிழமை மஸ்கட் கிளம்புகிறான். அவனிடம் நார்த்தங்காய் ஊறுகாயும் எள்ளுப்பொடியும் கொடுத்திருக்கிறேன். அந்தப் பையில் இதையும் வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு ஊறுகாயைப் பிரி.

நீ லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி, அண்ணா நீயே எல்லாரையும் தீம் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போ, பாப்பா ஒரு வருஷமாக அந்தத் தலைகீழ் ராட்டினத்தைப் பற்றியே பேசுகிறாள் என்று முப்பதாயிரம் அனுப்பினாய். பணம் வந்த அன்றே உனக்கு நான் போட்ட வாய்ஸ் மெசேஜ் ஞாபகம் இருக்கிறதா? முப்பது ரொம்ப ஜாஸ்திடா, உன் பங்குக்கு இருபதுக்குள் முடித்து மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறேன் பார் என்றேன். யாரும் என்னை மிச்சம் கேட்கவில்லை. நானாகச் சொல்லி நானாக மாட்டிக்கொண்டேன்.

சித்ரா பௌர்ணமிக் கூட்டம் முடிந்த மறு வாரம் கிளம்பினோம். அந்த மூன்று நாளில் மட்டும் என் கடையில் பதினெட்டாயிரம் பாக்குமட்டைத் தட்டு போயிற்று, அன்னதானக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆக, காசுக்குக் கஷ்டம் என்று சாக்குச் சொல்ல எனக்கு வழியே இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

நாள் செலவுக்கு நான் போட்ட ஏற்பாடு உனக்குத் தெரியும், நீயே மெச்சினாய். கடையில் விற்காமல் கிடந்த மொய்க் கவரில் ஆளுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய். ஆறு பேர், இரண்டு நாள், பன்னிரண்டு கவர். ஒவ்வொன்றின் மேலும் பெயர், தேதி. ஐஸ்கிரீம், ஜூஸ், பொம்மை, லாக்கர் வாடகை எல்லாம் அதற்குள். ராத்திரி ரூமுக்கு வந்ததும் மிச்சத்தையும் கணக்கையும் என்னிடம் ஒப்படைக்க வேண்டும். உன் அண்ணி சந்திரகலா, கல்யாண வீட்டுக்கா போறோம், மொய்க் கவர் எதுக்குன்னு கேட்டுச் சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் என் மகள் அன்புச்செல்வி போனில் டிக்கெட் விலையைக் காட்டினாள். பெரியவர்களுக்கு ஒரு நாள் ஆயிரத்து ஐந்நூறு. உயரம் நூற்று நாற்பது சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சின்னவர் டிக்கெட், ஆயிரத்து இருநூறு. அன்றைக்குச் சாயங்காலம் மணிமொழி வழக்கம்போலக் கடைக்கு வந்தாள். எவ்வளவு வளர்ந்திருக்கே பார்க்கலாம் வா என்று கதவு நிலையில் நிற்க வைத்து டேப் பிடித்தேன். நூற்று நாற்பத்து மூன்று. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த ராட்டினத்தில் ஏற நூற்று நாற்பது வேணும் பெரியப்பா, எனக்கு மூணு ஜாஸ்தியாவே இருக்குன்னு குதித்தாள். அவள் குதித்துக்கொண்டிருக்கும்போது நான் மனசுக்குள் முந்நூறை இரண்டால் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தெரிந்த ஜவுளிக்கடையில் அசல் விலைக்கு ஒரு லாங் ஸ்கர்ட் வாங்கினேன். நானூற்று எண்பது. கணுக்காலையும் தாண்டித் தொங்கும், மயில் கழுத்து நிறம். பெரியப்பா வாங்கிக் குடுத்ததுன்னு அவள் தெரு முழுக்கக் காட்டினாளாம். பார்க்குக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வரணும் என்றேன். சரி என்றாள்.

டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட பலகை வைத்திருந்தார்கள். உன் வீட்டுக்காரி அருணாதேவியும் சந்திரகலாவும் பாத்ரூம் பக்கம் போயிருந்தார்கள். என் பிள்ளைகள் இரண்டு பேரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மணியின் காதருகே குனிந்து, கண்ணு, முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கோ, பாவாடைக்குள்ள தெரியாது என்றேன். அவள் முதலில் விளையாட்டு என்று நினைத்தாள் போலிருக்கிறது. அப்புறம் குனிந்து பாவாடையைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எதற்காக வாங்கிக் கொடுத்தேன் என்பது அவளுக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது சக்தி. பதினொரு வயதுப் பிள்ளை. போய் நின்றாள், மடக்கினாள். கோட்டுக்குக் கீழே வந்தாள். இரண்டு நாளைக்கும் சேர்த்து மஞ்சள் பட்டையைக் கையில் கட்டிவிட்டார்கள். மற்றவர்களுக்கெல்லாம் நீலம்.

பாவாடைக் காசு போக எனக்கு மிச்சம் நூற்றிருபது ரூபாய். இரண்டு பாக்கெட் பேப்பர் கப் விலை.

நேரே அந்த ராட்டினத்துக்குத்தான் போனோம். அதற்காகத்தானே வந்தது. என் பையன் அறிவுச்செல்வனும் அன்புச்செல்வியும் முன்னால் போய் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அருணாவும் உன் அண்ணியும் தள்ளி நிழலில் உட்கார்ந்தார்கள், நான் பைகளோடு கம்பிக்கு வெளியே நின்றேன். அங்கேயும் ஒரு பலகை, அதே நூற்று நாற்பது. நிற்கிற ஆள் மணியின் கையைத் தூக்கி மஞ்சள் பட்டையைப் பார்த்தார். சின்னவங்க பட்டை ஆச்சே, சரி, எதுக்கும் அளந்து பாத்துடலாம், நேரா நில்லும்மா என்றார்.

அவள் பலகையில் முதுகை வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நேராக நின்றால் நூற்று நாற்பத்து மூன்று, ஏறிவிடலாம். ஆனால் மஞ்சள் பட்டை எப்படி வந்தது, யார் வாங்கியது என்று கேட்பார்கள். அவளுக்கு அது தெரிந்துவிட்டது. என் கண்ணெதிரே, யாரும் சொல்லாமல், தானாக முட்டியை மடக்கினாள். அந்த ஆள், அடுத்த வருஷம் வாம்மா என்று சிரித்தபடி அனுப்பிவிட்டார்.

நான் இரண்டு எட்டு வைத்து, ஐயா தப்பு என்னுடையது, அறுநூறு ரூபாய் கட்டிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. சட்டைப் பையில் பணம் இருந்தது. லாரிக்காரன், மில்லுக்காரன், வரி ஆபீஸ் என்று யாரிடமும் மடங்காத என் நாக்கு அங்கே எழும்பவில்லை. பின்னால் இருபது பேர் நின்றார்கள். அந்த இருபது பேரும் யார் என்று எனக்குத் தெரியாது, இனிமேல் பார்க்கப் போவதும் இல்லை. அவர்கள் முன்னால் சின்னப்படக் கூடாது என்று நின்றுவிட்டேன்.

அவள் வெளியே வந்து தன் அம்மாவிடம், எனக்குப் பயமா இருக்கு, நான் ஏறலம்மா என்றாள். இதுக்காடி ஒரு வருஷமா உயிரை எடுத்தே என்று அருணா திட்டினாள். இறங்கி வந்த அறிவு, பயந்தாங்கொள்ளி என்று ஆரம்பித்தான். அந்தப் பெயர் அங்கே பிறந்ததுதான். அன்று முழுக்க அவள் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்பையும் பையையும் பார்த்துக்கொண்டாள்.

ராத்திரி ரூமில் நான் கட்டிலில் உட்கார்ந்து கவர்களை வாங்கினேன். அன்பு இருபது ரூபாய் கொடுத்தாள், அறிவு கடன் சொன்னான். மணி கவரைப் பிரிக்கவே இல்லை. ஒட்டின ஒரு ரூபாய்க் காசோடு அப்படியே நீட்டினாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பாருங்கடா, இவதான் என் வாரிசு, வியாபாரம் தெரிஞ்ச பிள்ளை என்றேன். சொல்லும்போதே வாயில் கசந்தது. மறுநாள் வயிற்றுவலி என்று அவள் பார்க்குக்கு வரவில்லை. அருணாவும் ரூமிலேயே இருந்துவிட்டாள். மிச்சம் பிடித்த அந்த இரண்டாம் நாள் டிக்கெட்டும் வீண்.

ஊருக்கு வந்து உனக்குப் பத்தாயிரத்து நானூறு திருப்பி அனுப்பினேன். நீ, அண்ணன்னா என் அண்ணன்தான்னு குடும்ப குரூப்பில் எல்லோர் காதிலும் விழும்படி வாய்ஸ் மெசேஜ் போட்டாய். அதைக் கடையில் இரண்டு பேருக்குப் போட்டும் காட்டினேன்.

சின்ன வயதில் அடி அண்ணாமலையிலிருந்து வேலூர் போகும்போது அப்பா உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கண்டக்டரிடம் வயதைக் குறைத்துச் சொல்வாரே. அதை நினைத்து என்னை நானே சமாதானம் செய்து பார்த்தேன். ஒட்டவில்லை. அவரிடம் முழு டிக்கெட்டுக்குக் காசு இல்லை. என்னிடம் உன் முப்பதாயிரம் இருந்தது.

அதற்குப் பிறகு மணி கடைக்கு வரவில்லை. பள்ளி விட்டதும் வந்து கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து பில் போடுவாள் இல்லையா, அந்த ஸ்டூல் காலியாக இருக்கிறது. கேட்டால் வீட்டுப்பாடம் என்கிறாளாம். போன ஞாயிற்றுக்கிழமை உன் வேங்கிக்கால் வீட்டில் போர் மோட்டார் ஓடவில்லை என்று போயிருந்தேன். (கண்டென்சர் போயிருந்தது, மாற்றிவிட்டேன். இப்போது தண்ணீர் நன்றாக ஏறுகிறது.) அந்த நேரத்தில்தான் நீ போன் செய்தாய். எங்க வீட்டுப் பயந்தாங்கொள்ளி என்ன பண்றாள் என்றாய். ஸ்பீக்கரில் கேட்டது. நல்லா இருக்கேம்ப்பா என்று சிரித்தாள். நான் பழைய கண்டென்சரைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

நீ போனை வைத்ததும் அருணாவைக் கூப்பிட்டு, மணியையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அருணா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கேட்டிருந்தா அறுநூறை நானே குடுத்திருப்பேனே மாமா என்றாள், அவ்வளவுதான். அதற்குக் கத்தியிருக்கலாம்.

மணியிடம், பெரியப்பா பண்ணது தப்பு, உன்னை மறுபடி கூட்டிட்டுப் போறேன், என் செலவு என்றேன். அவள் ஜாமெட்ரி பாக்ஸை மூடி வைத்துவிட்டு, அதுக்கு என்ன கண்டிஷன் என்று கேட்டாள். நீயே சொல்லு என்றேன். என் கல்லாவில் மூன்று வருஷம் உட்கார்ந்த பிள்ளை, சும்மா விடுவாளா. முதலில் நாள் செலவைப் பேசினாள். ஐந்நூறு வேண்டும் என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிலைமையிலும் என் வாய் நானூறு என்றது. அவள் என்னைப் பார்த்தாள். நானூத்தம்பது என்றேன். அதற்கும் பார்த்தாள். ஐந்நூறுக்கு முடித்தேன்.

அப்பாகிட்ட நீங்களே சொல்லணும், ஆனா போன்ல வேணாம், போன்ல பேசுனா நீங்க பேச்சுலயே வித்துடுவீங்க, எழுதித்தான் குடுக்கணும் என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். ஒட்டுவதற்கு முன்னால் அவள் ஒருமுறை படிப்பாள், அதுவும் பேச்சில் இருக்கிறது.

தம்பி, ஊரில் இல்லாத நீ என்னை நம்பித்தான் வீட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இனி அந்தப் பொறுப்பை என்னிடம் வைப்பதும் எடுப்பதும் உன் இஷ்டம். எடுத்துக்கொண்டாலும் மோட்டார் ரிப்பேர் என்றால் நான் போய் நிற்பேன். அண்ணாமலையார் உன்னையும் உன் பிள்ளையையும் நிமிர்ந்த தலையோடு வைக்கட்டும்.

பேசி முடித்தது இதுதான். காலாண்டு லீவில் மூன்று பேர் போகிறோம், அருணா, மணி, நான். மணிக்குப் பெரியவர் டிக்கெட், ஆயிரத்து ஐந்நூறு, என் காசு. அளக்கிற பலகைக்குப் பத்தடி தள்ளித்தான் நான் நிற்க வேண்டும். நாள் செலவு ஐந்நூறு, கவர் கிடையாது, கணக்குக் கேட்பதில்லை, மிச்சம் அவளுக்கு. அந்த ராட்டினத்தில் அவள் பக்கத்து சீட்டில் நான் உட்கார வேண்டும், கண்ணை மூடக் கூடாது. அப்பா இனிமேல் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லக் கூடாது. இந்தக் கடைசி ஒன்று மட்டும் என் கையில் இல்லை. உன்னைக் கேட்காமல் உன் சார்பில் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

உன் அண்ணன்,
முருகையன்