அம்மா பெயரில் போட்ட முன் சீட்

கோச்சடை, மதுரை
ஞாயிறு, அசர் தொழுத பிறகு

அன்பு மகள் சுஃபியாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி ஹலீமும் சுகம். அங்கே டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம். சுகம் என்று வழக்கப்படி எழுதிவிட்டேன், அதில் பாதிதான் உண்மை, மீதியைச் சொல்லத்தான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், நான் வாயைத் திறக்கும் முன்னே பேச்சை மாற்றிவிடுவாள், அதனால் என் கைப்பட எழுதி நானே போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன். பக்கம் வரிசை மாறி வந்தால் மேலே நம்பர் போட்டிருக்கிறேன், பார்த்துப் படித்துக்கொள்.

முதலில் அம்மா கால். வீக்கம் நன்றாக வற்றிவிட்டது, கெண்டைக்காலைத் தொட்டால் இப்போது சூடு இல்லை. ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறாள். இறுக்கமான அந்த நீளக் காலுறையைத்தான் திட்டிக்கொண்டே மாட்டுகிறாள், இந்த வெயிலில் இது ஒண்ணு குறைச்சல் என்கிறாள். ஹலீமுக்கு வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து பஸ் நாலுக்கு சீட் வேலை வந்திருக்கிறது, கப்பலூர் பட்டறையில் ஆள் பற்றவில்லை என்று ஓடிக்கொண்டிருக்கிறான். நான் இரண்டு நாளாகப் பட்டறைக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை நீ போனில் அழுததுதான் காரணம். விமானத்துல படுக்கை சீட் போட்டுக் கொடுத்தும் அம்மாவுக்கு ரத்தம் கட்டிருச்சே அத்தா, அப்ப இது நம்ம குடும்ப ரத்தத்துலயே இருக்கு போல, எனக்கும் சோதனை எடுக்கணும்கிறாங்க, இருந்தா பிள்ளை பிறக்கிற வரைக்கும் தினமும் வயித்துல ஊசி போடணுமாம், மூணு நாளா தூக்கமே இல்லைன்னு சொன்னாய். ஐந்தாம் மாதத்தில் நீ தூங்காமல் கிடக்கிறாய் என்று கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போனை வைத்த பிறகு அம்மா என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சுஃபியா, நீ விமானக் கம்பெனி தருகிற பாயிண்ட்டெல்லாம் சேர்த்து வைத்து அம்மா பெயரில் போட்டாயே அந்தப் படுக்கை சீட், அதில் அம்மா படுக்கவே இல்லை. அதில் படுத்து வந்தவன் நான்.

எப்படி என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். நாங்கள் உன்னிடம் வந்தபோது இரண்டு பேரும் பின்பக்கத்துச் சாதாரண சீட்டில்தான் வந்தோம். நாற்பது வருஷமாக பஸ்ஸுக்கு சீட் செய்கிறவன் சும்மா இருப்பேனா, ஏறி உட்கார்ந்ததும் கையை வைத்து அளந்தேன். என் முட்டிக்கும் முன் சீட் முதுகுக்கும் நடுவே நாலு விரற்கடைதான், ஃபோம் நம் டவுன்பஸ் கனம்கூட இல்லை, சாய்க்கிறதும் பெயருக்குத்தான். இதெல்லாம் நீயே அறிந்ததுதான். எனக்குப் பிடிக்காமல் போனது சீட்டின் முன்விளிம்பு. விளிம்பு மேலே தூக்கி இருந்தால் குட்டையானவர்களுக்குக் கால் தரையில் பாவாது, தொங்கும், தொடைக்குக் கீழே அழுத்திப் பிடிக்கும், ரத்தம் ஓடாது. நம் பட்டறையில் பெண்கள் சீட்டுக்கெல்லாம் முன்விளிம்பை வாட்டம் கொடுத்து இறக்கி, கீழே கால் வைக்க ஒரு குழாயும் போட்டுத்தான் அனுப்புவேன், பஸ் முதலாளி வேண்டாம் என்றாலும் விடமாட்டேன். உன் வீட்டில் இருந்த இரண்டு மாதமும் இதையே பேசிப் பேசி மாப்பிள்ளை காதைத் துளைத்துவிட்டேன், அதோடு முன்னால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்த படுக்கை சீட்டைப் பற்றியும் பேசினேன். நீ எனக்காகச் செய்யவில்லை, அம்மாவுக்கு நரம்புச் சுருட்டு இருக்கிறது, முதல் விமானம் மட்டுமே பதிமூன்று மணி நேரம், அத்தனை நேரம் காலைத் தொங்கப்போடக் கூடாது என்றுதான் இருந்த பாயிண்ட்டில் ஒரு சீட்டை மட்டும் மாற்றினாய். அத்தா நீங்க ஒரு தடவை பொறுத்துக்கங்க என்றுகூடச் சொன்னாய். நானும் பெரிய மனுஷனாட்டம் தலையாட்டினேன்.

விமானத்தில் ஏறினதும் அம்மாவுடைய இடத்தைக் காட்டினார்கள். அவள் உட்காரவில்லை. நின்றபடியே அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நீங்க இருங்க, எம்புட்டுப் பேருக்கு சீட் செஞ்சு குடுத்திருக்கீக, நீங்க ஒரு நாளாவது நல்ல சீட்டுல படுத்துப் பாருங்க, எனக்கு எது கிடைச்சாலும் தூக்கம் வந்துரும் என்றாள். நான் வேண்டாம் என்று சொன்னேன், ஒரே ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லியிருந்தால் அவள் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும், முப்பத்தாறு வருஷமாகத் தெரிந்தவள்தானே. விமானத்துப் பெண் வந்து போர்டிங் பாஸைப் பார்த்துவிட்டு, உங்களுக்குச் சம்மதம்தானா என்று அம்மாவைத்தான் கேட்டாள். அம்மா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஹஸ்பெண்ட் பேக் பெயின் என்று என் முதுகைத் தொட்டுக் காட்டினாள். என் முதுகில் ஒரு வலியும் இல்லை தாயி. நான் அந்தப் பெண்ணைப் பார்த்து வலி இருக்கிறவன் மாதிரி முகத்தைச் சுளித்தேன். வீட்டில் மீன் துண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம், மழையில் குடை என்று எதுவானாலும் அவள் கொடுப்பதும் நான் வாங்குவதும் பழகிப்போச்சு, அன்றைக்கும் அப்படித்தான் வாங்கினேன்.

அதற்குப் பிறகு நான் சந்தோஷமாக இருந்தேன், அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் முதுகு கீழே போகிறது, காலுக்கு அடியில் இன்னொரு மெத்தை எழுந்து வருகிறது, நீட்டினால் ஆறடியும் படுக்கை. குனிந்து அடியில் மோட்டார் எங்கே என்று தேடினேன், தையலை விரலால் தடவினேன், ஓரத்தில் இரட்டைத் தையல், நூல் ஒன்றும் பிசிறில்லை. பீங்கான் தட்டில் சாப்பாடு, துணி விரிப்பு. ஹலால்தான் என்று கேட்டுச் சாப்பிட்டேன், கேட்க வேண்டியதைக் கேட்காமல் அதைக் கேட்டேன். ஏழு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

எழுந்த பிறகு அவர்கள் கொடுத்த பேரீச்சம்பழப் பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். போகிற வழியில் நடுவாந்தர வகுப்பு ஒன்று இருக்கிறது, படுக்கை கிடையாது, ஆனால் கால் நீட்ட இடமும் கெண்டைக்காலுக்கு ஒரு தாங்கியும் உண்டு, அதைக்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன். அம்மா மூன்று சீட்டில் நடு சீட்டில் இருந்தாள். ஜன்னலோரம் ஒரு பையன், இந்தப் பக்கம் வாட்டசாட்டமான ஒரு ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். பாத்ரூம் போனியா என்று கேட்டேன். ஒரு ஆம்பளைய எழுப்பி வழி விடுங்கன்னு எப்படிச் சொல்றது, நான் தண்ணியே குடிக்கலை, அதனால ஒண்ணும் தோணலை என்றாள். கால் இரண்டும் தரையில் பாவாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கால் செருப்பைக் கழற்றியிருந்தாள், பாதத்தில் செருப்பு வார் அச்சு பதிந்து கிடந்தது. என்ன நடக்கிறது என்று அந்த விமானத்தில் என்னைவிடத் தெரிந்தவன் ஒருத்தனும் இருந்திருக்க மாட்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா, பட்டறைக்கு வந்தவர்களிடம் சொல்வது மாதிரி, காலை அப்பப்ப ஆட்டு என்று சொன்னேன். போங்க போயி படுங்க என்று கையைக் காட்டினாள், போய்விட்டேன். எங்கள் கைப்பை மேலே தட்டில்தான் இருந்தது, அதை இறக்கி அவள் காலுக்கடியில் வைத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. படுத்த பிறகு தோன்றியது. எழுந்து போகவில்லை. மெத்தை சூடாக இருந்தது, இன்னும் அஞ்சு மணி நேரம்தானே என்று புரண்டு படுத்தேன்.

நடுவில் விமானம் மாறி, சென்னையில் இறங்கினதும் நீ போன் செய்தாய். அம்மா முந்திக்கொண்டு, தொட்டில்ல கிடந்த மாதிரி வந்தேன் தாயி என்றாள். நான் பக்கத்தில் பெட்டியை எண்ணுகிற மாதிரி நின்றேன். நாலாம் நாள் பட்டறையில் ஒரு பிளைவுட் பலகையில் சாக்பீஸால் அந்த சீட்டை வரைந்து முத்திருளனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன், நம்மிடம் இருபது வருஷமாக ரெக்சின் தைக்கிறவன், உனக்குத் தெரியும். எல்லாம் கேட்டுவிட்டு, அப்ப அக்கா எங்க பாய் இருந்தாக என்று கேட்டான். பின்னாடி என்றேன். அவன் ஊசியில் நூல் கோர்க்க ஆரம்பித்துவிட்டான். அன்று மத்தியானமே ஹலீம் போன் செய்து, அம்மா கால் தூண் மாதிரி வீங்கிருச்சு அத்தா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன் என்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, விமானத்தில் எப்படி உட்கார்ந்து வந்தீர்கள் என்று கேட்டார். அம்மா எனக்கு முந்தி, மகள் படுக்கை சீட் போட்டுக் குடுத்துச்சு, படுத்துத்தான் வந்தேன் என்றாள். உன்னிடம் சொன்ன பொய்யை மாற்றினால் எங்கே உனக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. படுத்து வந்தும் உறைந்தது என்றால் ரத்தத்திலேயே கோளாறு இருக்கலாம், கர்ப்பமாக இருக்கிற மகளுக்கும் சொல்லுங்கள் என்று அவர் எழுதிக் கொடுத்ததை ஹலீம் உனக்கு அனுப்பினான். என் பொய் இத்தனை கடல் தாண்டி உன் வயிற்றுப் பிள்ளை வரைக்கும் வந்துவிட்டது.

நேற்று நான் மட்டும் போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மேஜையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன பாய், பதிமூணு மணி நேரம் கால் தொங்க, தண்ணி குடிக்காம, எந்திரிக்காம உக்காந்தா நரம்புச் சுருட்டு இருக்கிறவங்களுக்கு அதுவே போதுமே என்றார். நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டேன், இன்னும் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம் என்றிருந்தது. நடந்ததைத் திருத்தி இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருக்கிறார், இதோடு அனுப்புகிறேன், நாளைக்கே உன் டாக்டரிடம் காட்டு. சோதனை வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்கள் சொல்லட்டும், நீயாக எதையும் நிறுத்திவிடாதே. ஆனால் அம்மா ரத்தத்தால்தான் என்று நினைத்து நீ ஒரு ராத்திரிகூட விழித்திருக்க வேண்டியதில்லை. நீ போட்ட சீட்டிலும் குறை இல்லை, உன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் கோபித்துக்கொள்வாள், பிள்ளைக முன்னாடி உங்களை நான் விட்டுக் குடுப்பேனா என்று வியாழக்கிழமையே கேட்டாள். அவள் விட்டுக்கொடுக்காமல் இருந்து இருந்துதான் நான் இப்படி ஆனேன். அதையும் அவள்மேல் பழியாகச் சொல்லவில்லை, கொடுக்கிறவள் கொடுத்தாள், வாங்கினவனுக்குத்தான் புத்தி வேண்டும். நீ என்மேல் கோபப்படு, எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, அம்மாவிடம் மட்டும் எதுவும் கேட்காதே.

இன்னொன்று. ஆறு வாரம் கழித்துத் திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் உன் பிரசவத்துக்கு அம்மா வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், படுத்து வருகிற சீட், காலுறை, தண்ணீர், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நடை, எல்லாம் கட்டாயம். டிக்கெட் பணத்தை ஹலீம் அனுப்புவான். முன் சீட்டை அம்மா பெயரில் போடு, சக்கர நாற்காலி உதவியும் கேட்டு வை, இங்கிலீஷில் சமாளித்துக்கொள்வாள், என் முதுகு வலியையே சமாளித்தவள்தானே. எனக்கு டிக்கெட் போடாதே. பேரப்பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல எனக்கு ஆசை இல்லாமல் இல்லை, அதை மாப்பிள்ளை சொல்லட்டும், நான் போனில் கேட்டுக்கொள்கிறேன். நான் கூட வந்தால் உன் அம்மா மறுபடியும் எழுந்து நின்று, நீங்க இருங்க என்பாள். வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்வேன் என்று என்னை நம்பி எனக்கே சொல்ல முடியவில்லை.

அல்லாஹ் உனக்கும் பிள்ளைக்கும் எந்தக் குறையும் வைக்காமல் காப்பாற்றட்டும். மாப்பிள்ளைக்கு என் ஸலாம். டாக்டர் கடிதத்தை நாளைக்கே கொண்டு போ, மறந்துவிடாதே. தண்ணீர் நிறையக் குடி, ஒரே இடத்தில் வெகுநேரம் உட்காராதே.

உன் அத்தா,
அப்துல் அலீம்