பக்கத்து நிரையில் இருந்தது

ஜூலை 22, செவ்வாய்

விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

காலையில் மலை முழுவதும் மூடுபனி. பக்கத்துத் தேயிலை நிரையில் வழக்கம்போல் செல்விதான் கொழுந்து எடுக்கிறாள் என்று நினைத்தேன். தேயிலைச் செடிகள் உரசும் சத்தம் கூடவே வந்தது. நான் நகர்ந்தால் நகர்ந்தது, நின்றால் நின்றது. முகம் தெரியாத தைரியத்தில், யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். கொழும்புக்கு வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் இனி வரமாட்டார், அங்கே வேறொருத்தி இருக்கிறாள் என்று. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவளும் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கொழுந்து நிறுக்கும்போது நான் செல்வியைத் தேட, என் பேச்சுக்குரலைக் கேட்டிருந்த கங்காணி கேட்டார். "செல்வி இன்னிக்கி வேலைக்கே வரலையே. புள்ளைய தூக்கிக்கிட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குல்ல போயிருக்கா. நீ யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்த?"

பனி விலகியதும் போய்ப் பார்த்தோம். ஈர மண்ணில் சிறுத்தையின் காலடித் தடங்கள். என் நிரையை ஒட்டியே வந்திருக்கிறது. நான் நின்று அழுத இடத்துக்கு நேரே, அது படுத்திருந்த புல் நசுங்கிக் கிடந்தது.

"சாமிதான் ஒன்னைய காப்பாத்துச்சு" என்றார் கங்காணி.

ஆனால் நான் பேச ஆரம்பித்தால் என் வீட்டுக்காரர் பாதியில் எழுந்து போய்விடுவார். அது கடைசிவரை இருந்து கேட்டிருக்கிறது.

நாளைக்கும் எனக்கு அதே நிரைதான். சொல்லாதது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.