ஜெமிமாவின் அப்பா

நாள் 141, காலை
நிலவின் தென்முனை நிலையம். இங்கே நான் ஒருத்திதான்: எப்சிபா, பனி ஆய்வாளர். துளைக்கருவி இரண்டு மீட்டர் இறங்கியது. வெப்பமூட்டி சீர். மின்கலம் சீர்.
தூத்துக்குடி கட்டுப்பாட்டு அறையில் இன்று ஜஸ்டின் பணி. என் கணவர். வழக்கு முடியும்வரை அப்படித்தான் எழுத வேண்டும்.

நாள் 144, பகல்
விவாகரத்து கிடைத்துவிட்டது. வேலைப் பேச்சு முடிந்ததும் ஜஸ்டின் சொன்னது:
"எப்சி, திங்கக்கெழம நெனவு நீக்கம் பண்ணிக்கிடப் போறேன். உன்னயும் ஜெமியயும். முடியல. கண்ண மூடுனா ஜெமி ஆஸ்பத்திரி கட்டில்ல கெடந்து 'அப்பா'ங்கா."
என்னை அழித்துக்கொள், போ. பெற்ற பிள்ளையை அழிக்க எப்படி மனம் வந்தது? ஆறு வயதில் காய்ச்சலில் போனவள். அவள் எப்படிச் சிணுங்குவாள் என்பது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் துடைத்துக்கொள்ளப் போகிறானாம்! கத்தினேன். இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

நாள் 153, காலை
ஜஸ்டின் பணிக்குத் திரும்பிவிட்டான். வேலை மட்டும் மறக்கவில்லை. மேலிடத்து உத்தரவு: பழைய உறவைப் பற்றி அவனிடம் மூச்சுவிடக் கூடாது.
"வணக்கம் மேடம், நான் ஜஸ்டின். நாம முன்ன பேசிருக்கோமா?"
குரலில் ஒரு பாரமும் இல்லை. நன்றாகத் தூங்கியிருக்கிறான். ஒலிபெருக்கியை ஓங்கிக் குத்தினேன். விரல் வீங்கிவிட்டது.

நாள் 160, மாலை
விண்கல் சிதறல் சூரியத் தகடுகளை உடைத்துவிட்டது. வெப்பமூட்டி நின்றுவிட்டது. காற்றுக்கு மட்டும் மின்கலம். மீட்புக் கலம் வர ஐந்து நாள் ஆகும். மின்கலம் அதுவரை தாங்காது.
"பயப்படாதீங்க மேடம், நான் லைன்லயே இருக்கேன். வீட்ல யாருக்காச்சும் சொல்லணுமா?"
வீடாம்.

நாள் 162
உத்தரவாவது மண்ணாவது. சொன்னேன். ஜெமியின் அப்பா யார் என்பதை மட்டும் விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கற்கண்டை நாக்குக்கடியில் ஒளித்துக்கொண்டு ஜெபம் சொல்வாள். ஊசி போடும்போது அப்பாவின் காதைப் பிடித்துக்கொள்வாள். கடைசி ஊசிக்கும் பிடித்திருந்தாள். வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். மூக்கை உறிஞ்சினான்.
"பாவம் மேடம். அந்தப் புள்ளயோட அப்பா எப்படித் தாங்குனாரு?"
தாங்கவில்லை என்றேன்.
கை மரத்துவிட்டது. எழுத்து கோணுகிறது.
"இப்ப எங்க இருக்காரு? பேசணும்னு தோணுனா சொல்லுங்க மேடம், நான் கூப்புட்டுத் தாரேன்."
கூப்பிடுடா. ஜெமியின் அப்பாவைக் கூப்பி